கேம்பர் இழுக்க டீசல் டிரக்கா, பெட்ரோல் டிரக்கா?

அமெரிக்காவில் டென்வர் பக்கம் பனி உருகி, கேம்பர் என்கிற, பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டை நிறுத்தும் கேம்ப்கிரவுண்டுகள் திறக்கும் நேரம் வந்தால் எனக்கு ஒரு போன் கட்டாயம் வரும். ஆள் மாறும், கேள்வி மாறாது. “அண்ணா, கேம்பர் வாங்கப் போறோம். இழுக்கிறதுக்கு டீசல் டிரக்கே எடுத்துடலாம்தானே? மைலேஜ்ல மிச்சமாயிடும்ல?”

அந்த ‘மிச்சம்’ நாம் ஊரிலிருந்து பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்தது. 2014 அக்டோபர் வரை இந்தியாவில் டீசல் விலை அரசின் கையில் இருந்தது. 2012 வாக்கில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட முப்பது ரூபாய் வரை குறைவாகக் கிடைத்தது. வாடகைக் கார் ஓட்டியவர்கள் எல்லோரும் டீசலுக்குப் போனது அதனால்தான். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு டீசல் என்றாலே சிக்கனம்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். மத்திய அரசின் வரியே பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். டீசலில் உள்ள கந்தகத்தை 15 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறைக்கச் சொல்லி 2006-இல் வந்த விதியால் சுத்திகரிப்புச் செலவும் கூடியது. இங்கே பெரும்பாலான நாட்களில் டீசல்தான் விலை கூடிய எண்ணெய்.

இன்னொன்று. இங்கே எல்லோரும் ‘கேஸ்’ என்று சொல்வது பெட்ரோலைத்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், “கேஸ் போட்டுட்டு வந்துடறேன்” என்று நான் கிளம்பியபோது சிலிண்டர் எங்கே என்று தேடினார். குழப்பம் வேண்டாம், கட்டுரை முழுக்கப் பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறீர்கள், அதில் 5,000 மைல் கேம்பரோடு என்று வைத்துக்கொள்வோம். முக்கால் டன் எனப்படும் வகை டிரக், அதாவது ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவி 2500 வகை. பெட்ரோல் என்ஜின் கேலனுக்குக் கேம்பரோடு 8.5 மைல், வெறுமனே 14 மைல் கொடுக்கும். டீசல் என்றால் 11, 18. இவை நானும் நண்பர்களும் வருடக்கணக்கில் பார்த்த எண்கள். ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு வருடத்துக்கு 1,088 கேலன் ஆகிறது, டீசலுக்கு 843. பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர் என்று போட்டால் 3,482-க்கு எதிரே 3,203. ஆக மிச்சம் 279 டாலர்.

அதில் டிஇஎஃப் என்கிற, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலுக்கு 100 டாலர் கழியுங்கள். மீதி 179. டீசல் என்ஜினுக்கு ஆயில் மாற்றினால் 10 முதல் 13 குவார்ட் (கிட்டத்தட்ட அத்தனை லிட்டர்) குடிக்கும். பெட்ரோலுக்கு 8 போதும். டீசல் ஃபில்டர் வேறு தனியாக மாற்ற வேண்டும். இதெல்லாம் போனால் கையில் நிற்பது குடும்பத்தோடு ஒருமுறை வெளியே சாப்பிடும் காசு. டிரக் வாங்கும்போது டீசல் என்ஜினுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பதோ சுமார் 10,000 டாலர். விற்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும், உண்மைதான். ஆனாலும் எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பி வாங்கினால் போட்டதை எடுக்க அரை நூற்றாண்டு ஆகும்.

எண்ணெய்ச் செலவைக் குறைப்பதுதான் குறி என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. கேம்பர் என்பது சக்கரம் வைத்த சுவர். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்குக் கூடும். 75-இல் போகிறவர் 65-க்கு இறங்கினால் எந்த என்ஜினாக இருந்தாலும் வித்தியாசம் பங்க்கில் தெரியும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55-தான் சட்டம். அங்கே போய் வந்த பயணங்களில்தான் என் மைலேஜ் எப்போதும் நன்றாக இருந்தது.

சரி, அப்படியென்றால் டீசலை யார்தான் வாங்குவது? மலை இருப்பவர்கள். என்னைப் போல.

டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தில் 11,158 அடி உயரத்தைத் தொடுகிறது. உதகையைவிடக் கிட்டத்தட்ட நாலாயிரம் அடி மேலே. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். டர்போ இல்லாத என்ஜின், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. ஃபோர்டு 2020-இல் கொண்டுவந்த 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜினுக்குத் தாளில் 430 குதிரைத்திறன். சுரங்கத்து வாசலில் அதில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய் 290 பக்கம்தான் நிற்கும். டீசலில் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பு சொற்பம். அதோடு சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையில் இரண்டுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. அந்த 7.3 லிட்டர் என்ஜின் 475 பவுண்டு-அடி தருகிறது, அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில். 2023-இல் வந்த ஃபோர்டின் கூடுதல் வலு டீசல் 1,200 தருகிறது. டீசலின் விசையெல்லாம் கீழே, ஆயிரத்து அறுநூறு, எழுநூறு சுற்றிலேயே வந்துவிடும். ஏற்றத்தில் என்ஜின் அலறாது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கினால் தூங்கியபடியே சுரங்கம் தாண்டுவார்கள்.

ஆனால் ஏற்றத்துக்காக மட்டும் டீசல் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேற்குப் பக்கம் சில்வர்தார்னிலிருந்து சுரங்கம் வரை ஏற்றம் சுமார் 8 மைல். டீசலில் 60-இல் ஏறினால் 8 நிமிடம். பெட்ரோலில் வலது ஓரமாக, லாரிகளோடு லாரியாக, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு 40-இல் ஏறினால் 12 நிமிடம். நாலு நிமிடத்துக்குப் பத்தாயிரம் டாலரா?

விஷயம் இறக்கத்தில் இருக்கிறது. போன் செய்கிறவர்கள் யாரும் இறக்கத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

அதே 8 மைலைக் கீழ்நோக்கி எண்ணிப்பாருங்கள். 7 சதவீதம் வரை சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக்கல் கொட்டிய தப்பிக்கும் பாதைகள் ஓரத்தில் இருக்கின்றன. என் முதல் டிரக் அரை டன் பெட்ரோல் (எஃப்-150 போன்ற சிறிய வகை), பின்னால் 6,500 பவுண்டு கேம்பர். கிட்டத்தட்ட மூன்று டன். விவரம் போதாத காலம்; டிரைவ் கியரிலேயே விட்டு, காலால் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி தூரத்தில் மிதியடி பஞ்சு போல் உள்ளே போனது. சில்வர்தார்ன் எக்ஸிட்டில் வெளியேறி ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் நின்றபோது முன்சக்கரத்திலிருந்து இரும்பு கருகும் வாடை. என் மனைவி இறங்கிப் போய், பிள்ளைகளோடு தள்ளி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, “போலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. பெட்ரோல் என்ஜினுக்கு இயல்பாகவே ஒரு பிடிமானம் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். என்ஜின் வெற்றிடத்தை இழுத்துத் திணறும். அந்தத் திணறல்தான் பிரேக். மூன்றாவது கியருக்கோ இரண்டாவதுக்கோ இறக்கிவிட்டால் 4,500 சுற்றில் ஊளையிட்டபடி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் பயமுறுத்தும், ஆனால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதே டிரக்கில் அதே இறக்கத்தைப் பலமுறை இறங்கினேன்.

டீசலில் அந்த மூடி இந்த வேலைக்கு உதவாது. எண்ணெயைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதனால் சும்மா விட்டால் டீசல் பெட்ரோலைவிடச் சுலபமாக உருளும். இதை ஈடுகட்டத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். பட்டனை அழுத்தினால் டர்போவுக்குள் இருக்கும் சிறு தகடுகள் நெருங்கி, புகை வெளியேறும் வழியைக் குறுக்கிவிடும். வெளியேற முடியாத புகை பிஸ்டனை எதிர்த்து நிற்கும். ‘உஸ்ஸ்’ என்று பெருமூச்சு போல ஒரு சத்தம், அவ்வளவுதான். டீசலுக்கு மாறிய பிறகு முதல் தடவை அந்த இறக்கத்தில் வேகத்தை 50-க்கு வைத்துவிட்டுக் காலைத் தரையில் வைத்திருந்தேன். கீழே போய்ச் சேரும்வரை பிரேக்கை ஒரே ஒருமுறைதான் தொட்டேன், அதுவும் முன்னால் ஒரு கார் குறுக்கே வந்ததால். டீசலுக்கு நான் கொடுத்த பத்தாயிரமும் இந்த 8 மைலுக்குத்தான்.

கன்சாஸிலோ ஃப்ளோரிடாவிலோ இருக்கிறவருக்கு இந்த 8 மைல் கிடையாது. டல்லாஸ் நண்பர் ஒருவர் டீசல் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் பட்டன் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம் எடைக் கணக்கு. டீலர் முதலில் சொல்வது, இது 13,000 பவுண்டு இழுக்கும், 20,000 பவுண்டு இழுக்கும் என்று. அந்த எண்ணைக் காதில் வாங்க வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகவே கூடாது என்று எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. கேம்பரின் மூக்கு டிரக்கின் மேல் அழுத்தும் எடையும் அதில் சேரும்.

அரை டன் டிரக்கில் அந்த எண் 1,600 என்று வைத்துக்கொள்வோம். 7,000 பவுண்டு கேம்பருக்கு மூக்கு எடை 900 ஆகும். எடையைப் பரப்பிவிடும் ஹிட்ச் என்கிற இணைப்பான் 100. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் 480. விறகு, சைக்கிள், ஐஸ்பெட்டி, நாம் விட்டுவிட்டுப் போகவே மாட்டோம் என்கிற பிரஷர் குக்கரும் பத்து கிலோ அரிசியும் சேர்த்து 200. கூட்டினால் 1,680. 13,000 பவுண்டு இழுக்கும் திறனில் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே வண்டி அதிக பாரத்தில் ஓடுகிறது.

இதில் டீசல்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. டீசல் என்ஜின் கனமானது. அதோடு வரும் குளிர்விப்பான், கியர்பெட்டி எல்லாமே கனம். ஒரே டிரக்கில் பெட்ரோலுக்குப் பதில் டீசல் வைத்தால் வண்டியின் எடை ஐந்நூறு, அறுநூறு பவுண்டு கூடிவிடும். ராம் 2500-இல் வண்டியும் சரக்கும் சேர்ந்து சுமார் 10,000 பவுண்டுதான் உச்சம். ஆக, என்ஜின் தின்றது போக மிச்சம்தான் உங்களுக்கு. கம்மின்ஸ் டீசல் போட்ட 2500 பலவற்றில் பேலோடு 2,000 பக்கத்தில்தான் இருக்கும். டிரக்கின் தொட்டிக்குள் ஏறி உட்காரும் ஃபிஃப்த் வீல் கேம்பர் 12,000 பவுண்டு என்றால் அதன் அழுத்தம் மட்டுமே 2,400. மலையை இழுக்கும் என்ஜின் இருக்கும், கேம்பரைத் தாங்கும் அனுமதி இருக்காது. அந்த அளவு கேம்பருக்கு ஒரு டன் வகைக்கு, அதாவது 3500 வரிசைக்குத்தான் போக வேண்டும். சந்தேகம் வந்தால் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற எடைமேடை இருக்கிறது. பதினைந்து டாலர் பக்கம் கொடுத்தால் அச்சு வாரியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள்.

பெட்ரோல் பக்கம் இன்னொரு ஆளும் இருக்கிறார். எஃப்-150-இல் வரும் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட், டர்போ வைத்த பெட்ரோல். 400 குதிரை, 500 பவுண்டு-அடி. உயரத்தில் சோர்வது குறைவு. 5,000 பவுண்டுக்குள் இருக்கும் கேம்பருக்கு இதைவிட வேறு தேட வேண்டாம் என்பேன். அரை டன்னில் டீசல் வேண்டும் என்பவர்களுக்கு இருக்கும் இடம் சுருங்கிவிட்டது. ஃபோர்டு தன் 3.0 லிட்டர் டீசலை 2021-இல் நிறுத்தியது, ராம் ஈக்கோடீசலை 2023-இல் நிறுத்தியது. மிஞ்சியது ஜிஎம்மின் 3.0 டுராமேக்ஸ். மைலேஜ் அருமைதான். ஆனால் அதன் முதல் தலைமுறையில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டை 150,000 மைலில் மாற்ற வேண்டும். பெல்ட் இருப்பது என்ஜினின் பின்புறம், கியர்பெட்டியை இறக்கினால்தான் கை போகும். பழைய வண்டி பார்க்கிறவர்கள் மைல் கணக்கைப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

இப்போது டீசலின் நோய்கள். இந்தப் பகுதியை எழுத எனக்குத் தகுதி உண்டு.

2007-இலிருந்து டீசல் டிரக்குகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, 2010 விதிகளிலிருந்து யூரியாத் தெளிப்பு. வடிகட்டியில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு என்ஜின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட, காஸ்ட்கோ போக, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக என்று மூன்று மைல், ஐந்து மைலாக ஓட்டினால் அது நடக்காது. கரி அடைக்கும், சென்சர் புலம்பும். நம் குடும்பங்களில் டிரக் வருடத்தில் முந்நூறு நாள் செய்வது இந்த வேலையைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் யூட்டாவில், மோஆபிலிருந்து திரும்பும் வழியில், டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் செய்தி வந்தது. புகைச் சுத்திகரிப்பில் கோளாறு, இன்னும் இத்தனை மைலில் வேகம் மணிக்கு 5 மைலாகக் குறைக்கப்படும் என்று. என்ஜின் கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் வண்டி கெடு வைக்கிறது. மைல் எண் குறையக் குறைய நானும் மனைவியும் மாறி மாறி அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினோம். பக்கத்து ஊர் சர்வீஸ் சென்டரில் உதிரிபாகம் கையிருப்பில் இல்லை. ஒன்பது நாள். பில் 1,400 டாலர், அதில் ஒரு சென்சரும் ஒரு ஹீட்டரும். எந்தக் கம்பெனி டிரக் என்று கேட்காதீர்கள். இந்தப் புலம்பல் எல்லா டீசல்காரரிடமும் உண்டு. இதற்கெதிரில் அந்த 7.3 பெட்ரோல் என்ஜின் பழைய பாணி இரும்புப் பிளாக். டர்போ இல்லை, யூரியா இல்லை. சின்ன ஊர் மெக்கானிக்கும் மூடியைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்வார்.

பங்க் விஷயத்தில் டீசலுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. முப்பதடி கேம்பரை மாட்டிக்கொண்டு ஊருக்குள் பெட்ரோல் பங்க்கில் நுழைந்து பாருங்கள், வெளியே வரும் வழி கிடைக்காது. டீசல் என்றால் டிரக் ஸ்டாப்பில் லாரிகளுக்கான நீளமான வரிசையில் நேரே போய் நேரே வந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான பங்க்குகளில் பச்சைக் கைப்பிடி டீசல். பிபி பங்க்குகளில் மட்டும் பெட்ரோலுக்குப் பச்சை. தூக்கக் கலக்கத்தில் நிறத்தை நம்பிக் குழாயை எடுக்காதீர்கள். குளிரில் டீசல் உறையும் என்பதெல்லாம் உண்மை, ஆனால் ஜனவரியில் கேம்பர் இழுப்பவர்கள் எத்தனை பேர்?

என்னைக் கேட்டால்: கேம்பர் 8,000 பவுண்டுக்குள், வருடத்துக்கு ஐந்தாறு பயணம், மற்ற நாளெல்லாம் ஊருக்குள் ஓட்டம் என்றால் முக்கால் டன் பெட்ரோல். ஃபோர்டின் 7.3, இல்லையென்றால் ஜிஎம்மின் 6.6. மிச்சமாகும் பத்தாயிரத்தை நல்ல டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலருக்கும் டயருக்கும் போட்டாலே முக்கால்வாசி மீதி நிற்கும். 10,000 பவுண்டைத் தாண்டி, மாதத்துக்கு இரண்டு முறை மலை கடக்கிறீர்கள் என்றால் ஒரு டன் டீசல். பாதி வழியில் நின்று முக்கால் டன் டீசல் வாங்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் கேம்பரை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஒரு மலை ஏறி இறங்கிவிட்டு வந்து பேசுங்கள்.

போன வாரம் பேசிய தம்பியிடம் வழக்கம்போல் கதவு ஸ்டிக்கரின் போட்டோ அனுப்பச் சொன்னேன். கேம்பர் 7,000 பவுண்டு, ஆறு பயணம், டென்வருக்குப் பக்கத்து அரோராவில் வீடு, இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் பள்ளி ஓட்டம். பெட்ரோலே எடுங்கள் என்றேன். அரை மணி நேரம் இந்தக் கணக்கெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, “சரிண்ணா, உங்க டீசல் டிரக்கை எப்ப விக்கப் போறீங்க?” என்றார்.